எறி இருக்கை செய்யத் தெரிந்த பட்டறை வேண்டும்

குழுவினருக்கு வணக்கம். மன்னார்குடியில் கால் செயலிழந்த இளைஞர்கள் சிலர் உட்கார்ந்தபடி குண்டு எறியப் பழகுகிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கை மகள் தை மாதம் வந்து தன்னார்வலராக உதவப்போகிறாள். (ஊதியமில்லாத பணி, ஒரு மாதத்துக்குள் என்றால் சுற்றுலா விசாவே போதும், அந்தக் கவலை இல்லை.)

கவலையெல்லாம் எறி இருக்கை, அதாவது அவர்கள் உட்கார்ந்து எறியும் இருக்கை பற்றித்தான். போட்டி விதிப்படி மெத்தையோடு சேர்த்து உயரம் 75 செ.மீ. தாண்டக் கூடாது, எறியும்போது அசையாதபடி தரையோடு இழுத்துக் கட்டவும் வேண்டும். நம் வண்டல் மண்ணில், அதுவும் சம்பா ஈரத்தில், அடித்த முளை நிற்க மறுக்கிறது. இப்போதைக்கு பிளாஸ்டிக் நாற்காலியை இரண்டு பேர் பிடித்துக்கொள்கிறார்கள். பார்க்கவே பயமாக இருக்கிறது.

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் இதைச் செய்து தரக்கூடிய இரும்புப் பட்டறைக்காரர் யாரையாவது தெரியுமா? பழைய 4 கிலோ குண்டு இருந்தாலும் கொடுங்கள். பணம் வேண்டாம், கணக்கு எழுத எனக்குப் பொறுமை கிடையாது.