இயங்குதளம் மாற்றியதும் உறைந்து நின்ற மடிக்கணினி: வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

வேலூர், சத்துவாச்சாரியிலிருந்து:

2016-ஆம் ஆண்டுக் கோடையில் என் அக்கா மகனுடைய மடிக்கணினியில் விண்டோஸை எடுத்துவிட்டு, லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டு 16.04 நிறுவிக் கொடுத்தேன். நிறுவல் ஒரு சிக்கலுமின்றி முடிந்தது. ஆனால் அன்று மாலையே, அவன் யூடியூபில் பாடம் பார்த்துக்கொண்டிருக்கும்போது படம் அப்படியே நின்று, கடைசியாக ஒலித்த அசை மட்டும் வண்டின் ரீங்காரம்போல் ஓயாமல் கேட்டது. சுட்டி அசையவில்லை, மூலையிலிருந்த கடிகாரமும் நகரவில்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதன்பின் சில வேளை தொடங்கிய சற்று நேரத்திலேயே, சில வேளை அரை நாள் கழித்து, இதே கதைதான்.

அக்கினி நட்சத்திரக் காலம் என்பதால் வீட்டில் எல்லோரும் வெயிலின்மேல் பழி போட்டார்கள். வேலூர் வெயிலைப் பற்றி என்ன சொன்னாலும் நம்பலாம்தான். ஆனால் சூடேறிய கணினி பெரும்பாலும் முதலில் வேகம் குறைந்து, பின்னர் தானாகவே அணைந்துவிடும். இதுவோ விடியற்காலையில், தொட்டால் சூடே தெரியாத நிலையிலும் உறைந்தது. பழுதுபார்க்கும் கடை ஒன்றில் மதர்போர்டு போய்விட்டது என்றார்கள். முந்தைய வாரம்வரை விண்டோஸில் ஒருமுறைகூட நிற்காத கணினிக்கு அப்படிச் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்த முறை உறைந்தபோது கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பார்த்தேன், விளக்கு எரியவில்லை. அந்த விளக்கை ஏற்றுவதும் அணைப்பதும் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் வழியாக நடப்பவை என்பதால், நின்றது திரை மட்டுமல்ல, கெர்னலே என்று தெரிந்தது. கணினியில் நடப்பவை பதிவாகும் சிஸ்லாக் கோப்பைத் திறந்தால் பிழைச் செய்தி எதுவும் இல்லை. வழக்கமான வரிகளுக்குப் பின், நேராக மறுதொடக்கத்தின் முதல் வரி வந்தது. இரவு முழுவதும் ஓடிய நினைவகச் சோதனையிலும், வன்தட்டு தன் நிலையைத் தானே கண்காணித்துத் தரும் ஸ்மார்ட் அறிக்கையிலும் குறையில்லை. நிறுவாமல் பென்டிரைவிலிருந்து ஓட்டியபோதும் உறைந்ததால், நிறுவலையும் சந்தேகிக்க இடமில்லை.

மிஞ்சியது செயலி. அது இன்டெலின் 'பே டிரெயில்' வகையைச் சேர்ந்த செலரான் என்2840. வேலையில்லாத கணங்களில் மின்சாரத்தை மிச்சப்படுத்த, செயலி சி-நிலைகள் எனப்படும் உறக்கப் படிகளில் இறங்கும். அந்த வகைச் செயலிகளில், ஆழமான படிகளுக்குப் போய்வரும்போது லினக்ஸ் முற்றிலும் நின்றுவிடுவதாக அப்போது பலரும் கெர்னல் குழுவிடம் முறையிட்டிருந்தார்கள். கணினி தொடங்கும்போது இயங்குதளத்தை ஏற்றும் கிரப் நிரலின் பட்டியலில் ஆங்கில 'இ' விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் இறுதியில், ஆழமான படிகளுக்கு இறங்காமல் தடுக்கும் 'இன்டெல்_ஐடில்.மேக்ஸ்_சிஸ்டேட்=1' என்பதை ஆங்கில எழுத்துகளில் சேர்த்து, எஃப்10 அழுத்தினேன். நாள் முழுவதும் காணொளி ஓடியும் கணினி நிற்கவில்லை. இப்படிச் சேர்ப்பது அந்த ஒரு தொடக்கத்துக்கு மட்டுமே பயன்படும் என்பதால், பின்னர் கிரப் அமைப்புக் கோப்பிலும் எழுதி, அப்டேட்-கிரப் கட்டளையை ஓட்டினேன். செயலி ஆழ்ந்து உறங்காததால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்தது; அதைப் பொறுத்துக்கொண்டோம். பின்னர் வந்த கெர்னல்களில் இதற்குத் திருத்தங்கள் சேர்ந்துவிட்டன. எனவே காரணம் அறியாமல் எல்லாக் கணினிகளிலும் இதைச் சேர்க்க வேண்டாம்.

ஆற்காட்டிலிருந்து மறுமொழி:

ஐயா, அதே கேப்ஸ் லாக் சோதனை எங்களை வேறு திசையில் கொண்டுபோனது. ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலை ஒன்றில் கணக்கெழுதும் என் தம்பியின் மடிக்கணினியை விண்டோஸ் 11 ஏற்கவில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததால், லினக்ஸ் மின்ட் 22-க்கு மாறினோம். திரை உறைந்தது, ஆனால் விளக்கு எரிந்தது. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தியதும் கறுப்புத் திரையில் பயனர் பெயரைக் கேட்டது. கெர்னல் உயிரோடுதான் இருந்தது. தடுமாறியது கிராபிக்ஸ் மட்டுமே. முந்தைய தொடக்கத்தின் பதிவில், என்விடியா கிராபிக்ஸ் அட்டையை இயக்கும் மென்பொருளான 'நூவோ' இயக்கியின் பிழை வரிகள் அடுக்கடுக்காக இருந்தன. கிரப்பில், அந்த இயக்கி திரையைக் கையாளாமல் தடுக்கும் 'நோமோட்செட்' சேர்த்து உள்ளே நுழைந்து, டிரைவர் மேனேஜர் பரிந்துரைத்த என்விடியா இயக்கியை நிறுவியதும் சரியானது.

நம்பகமான கையொப்பமுள்ள மென்பொருளை மட்டுமே தொடக்கத்தில் ஏற்றவிடும் செக்யூர் பூட் இயக்கத்தில் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: இயக்கியை நிறுவும்போது ஒரு கடவுச்சொல் அமைக்கச் சொல்லும், மறுதொடக்கத்தில் வரும் நீலத் திரையில் அதைக் கொடுத்துச் சாவியைப் பதிவு செய்யாவிட்டால், நிறுவிய இயக்கி ஏற்றப்படாது.