கம்யூனிட்டி தியேட்டர் மியூசிக்கல் ஆடிஷன்: 5 கட்டைக் குரலுக்கு 16 பார் எப்படி எடுப்பது?

ஐந்துகட்டை கேட்டது:

அமெரிக்காவில் எங்கள் ஊர் கம்யூனிட்டி தியேட்டர் அடுத்த மாதம் ஒரு பிராட்வே மியூசிக்கலுக்கு ஆடிஷன் வைக்கிறது. சம்பளம் கிடையாது, அனுபவமும் கேட்கவில்லை. அறிவிப்பில் இருப்பது இவ்வளவுதான்: நாடகத்தின் பாணியில் 16 பார் (தாளச் சுற்று) பாட வேண்டும், ஷீட் மியூசிக் கொண்டுவர வேண்டும், பியானோ வாசிக்க ஆள் இருப்பார். டான்ஸ் கால் (நடனத் தேர்வு) உண்டு, கோல்டு ரீடிங் (முன்தயாரிப்பில்லாமல் வசனம் படிப்பது) உண்டு. வர முடியாத நாட்களைப் படிவத்தில் எழுத வேண்டும்.

கர்நாடக சங்கீதம் முறையாகக் கற்ற பெண் குரல், சுருதி 5 கட்டை. ஸ்டாஃப் நொட்டேஷன் (மேற்கத்திய இசைக்குறிப்பு) எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். 16 பார் என்றால் எவ்வளவு நேரம்? பாட்டின் எந்தப் பகுதி? ஷீட்டில் இருக்கும் சுருதி ஒத்துவராவிட்டால் வாசிப்பவரிடம் மாற்றி வாசிக்கச் சொல்லலாமா? போனில் கரோக்கி போட்டுப் பாடினால் ஒப்புக்கொள்வார்களா? டான்ஸ் சுத்தமாகத் தெரியாது.

கறுப்புக்கட்டை:

பியானோ பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

நாலு எண்ணிக்கை பாரில், நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில், 16 பார் என்பது 32 விநாடி. மெதுவான பாட்டென்றால் ஒரு நிமிடம் வரை போகும். யாரும் விரல் விட்டு எண்ணுவதில்லை. வாக்கியம் முடிய இரண்டு பார் கூடினால் பரவாயில்லை, அரை வாக்கியத்தில் அறுப்பதுதான் அசிங்கம். ஆனால் அறிவிப்பில் விநாடிக் கணக்கு இருந்தால் அதை மீறாதீர்கள், கை காட்டி நிறுத்திவிடுவார்கள்.

பெரும்பாலும் பாட்டின் கடைசிப் பகுதிதான் சரி. குரலின் உச்சமும் பாத்திரத்தின் முடிவும் அங்கேதான் இருக்கும். ஒரு எச்சரிக்கை: பல பாட்டுகள் கடைசிச் சரணத்தில் சுருதி ஏறும். ஜி-யில் இருந்தது ஏ ஃபிளாட்டுக்குப் போகும், அதாவது 5 கட்டை ஐந்தரையாகும். ஸா-வை மனதில் பிடித்துக்கொண்டே பாடிப் பழகியவர்கள் அங்கே பழைய ஸா-விலேயே நின்று விடுவார்கள். அதனால் தம்புரா ஆப்பை அணைத்துவிட்டு, வெறும் பியானோவோடு பயிற்சி செய்யுங்கள்.

உங்கள் குரலைக் கணக்கில் வைப்போம். 5 கட்டை என்றால் மத்ய ஸ்தாயி ஸா, நடு சி-க்குக் கீழே இருக்கும் ஜி. தார ஸ்தாயி பஞ்சமம் வரை போகிறீர்கள் என்றால், அது நடு சி-க்கு ஒரு ஸ்தாயி மேலே உள்ள சி-யை அடுத்து வரும் டி. நெஞ்சுக்குரலில் ஓங்கிப் பாடும் ‘பெல்ட்’ வேடங்கள் பலவற்றின் உச்சம் அந்த சி, டி பக்கத்தில்தான் இருக்கிறது. ஆகவே ஆல்டோ (தாழ்ந்த பெண் குரல்), மெஸோ (நடுத்தரப் பெண் குரல்) வேடங்களைப் பாருங்கள். சொப்ரானோ (உயர்ந்த பெண் குரல்) வேடங்கள் அதற்கும் மேலே ஜி, ஏ வரை தலைக்குரலில் (நெஞ்சுக்குரலுக்கு மேலான மெல்லிய குரல்) போகும். தலைக்குரல் பழக்கம் இல்லாதவருக்கு ஒரு மாதத்தில் அது வராது, தொண்டைதான் கட்டும். நாடகத்துக்கு உரிமம் தரும் நிறுவனத்தின் தளத்தில் (எம்.டி.ஐ., கான்கார்ட் மாதிரி) பாத்திர விவரம் இருக்கும். எம்.டி.ஐ. பக்கங்களில் ஒவ்வொரு வேடத்துக்கும் மேல் ஸ்வரம், கீழ் ஸ்வரம் போட்டிருப்பார்கள். வேடத்தைக் குறிவைக்கும் முன் அதைப் பாருங்கள்.

சுருதியை அங்கேயே மாற்றி வாசிக்கச் சொல்லக் கூடாது. சிலரால் முடியும், ஆனாலும் கேட்கக் கூடாது. மியூசிக்நோட்ஸ் போன்ற தளங்களில் வாங்குவதற்கு முன்பே சுருதியை மாற்றிப் பார்த்து, வேண்டிய சுருதியில் அச்சிட்டுக்கொள்ளலாம். மாற்றிய பிறகு ஒரு பியானோக்காரரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஐந்தாறு ஃபிளாட் (அரை ஸ்வரம் இறக்கும் குறி) வந்து விழும் சுருதியாக இருந்தால் அரை ஸ்வரம் மேலோ கீழோ தள்ளுங்கள். முதல் பார்வையில் வாசிக்கிறவருக்கு அது பெரிய உதவி.

தாள்களைப் பற்றி, ஏனென்றால் பாதி ஆடிஷன்கள் இங்கேதான் கெடுகின்றன:

- மேலே பாட்டு வரி, கீழே பியானோவுக்கு இரண்டு வரி, இந்த மூன்றும் உள்ள பிரதி வேண்டும். பாட்டின் சொற்களும் கார்டு (chord) பெயர்களும் மட்டும் உள்ள தாள் போதாது.
- மூன்று வளைய பைண்டரில் கோர்த்து வையுங்கள். உதிரித் தாள் ஸ்டாண்டிலிருந்து சரியும். பளபளக்கும் பிளாஸ்டிக் உறை விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடியாகிவிடும். 16 பார் இரண்டு பக்கத்துக்குள் அடங்கும், எதிரெதிராக வைத்தால் புரட்டவே வேண்டாம்.
- நகல் எடுக்கும்போது அடி வரி வெட்டுப்பட்டிருக்கிறதா பாருங்கள். இடது கை போனால் பாட்டின் அஸ்திவாரமே போச்சு.
- தொடங்கும் இடம், முடியும் இடம் இரண்டையும் கறுப்புப் பேனாவில் பெரிதாகக் குறியுங்கள். நடுவில் விடுவதைக் கோடு போட்டு அடிப்பதைவிட, வெட்டி ஒட்டிப் புது நகல் எடுப்பது நல்லது. திரும்பிப் போ, தாவு என்னும் குறிகள் எதுவும் மிஞ்சக் கூடாது.

வாசிப்பவரிடம் பேச உங்களுக்குக் கிடைப்பது பதினைந்து விநாடி. எங்கே ஆரம்பம், எங்கே முடிவு, என்ன வேகம். வேகத்தைச் சொல்ல முதல் வரியை அவர் காதுக்கு மட்டும் மெல்லப் பாடிக் காட்டுங்கள். சொடக்குப் போடுவதும் கைதட்டுவதும் அவமரியாதையாகப் படும். “இரண்டு பார் இன்ட்ரோ” என்றோ “முதல் ஸ்வரம் மட்டும்” என்றோ கேளுங்கள். இந்த இரண்டாவதில் நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அவர் கொடுப்பது ஸா அல்ல, நீங்கள் பாட வேண்டிய முதல் ஸ்வரம். பாட்டு பஞ்சமத்தில் தொடங்கினால் பஞ்சமம்தான் ஒலிக்கும். அதை ஸா என்று எடுத்தால் பாட்டு முழுக்க வேறு சுருதியில் போய்விடும்.

பாட்டு பாருக்கு முந்தைய தட்டில் தொடங்கினால் அது அதீத எடுப்பு, புதிதாகக் கற்க எதுவும் இல்லை. நடுவில் வாசிப்பவர் தவறினால் நிற்காமல் பாடிக்கொண்டே போங்கள், அவர் வந்து சேர்ந்துகொள்வார். திரும்பி முறைத்தால் குறை உங்கள் மேல்தான் விழும்.

வாசிக்க ஆள் இருக்கும்போது போன் வேண்டாம். ஆள் இல்லை என்று அறிவித்தால் மட்டும் பின்னணி இசை டிராக், அதிலும் மூலப் பாடகரின் குரல் இருக்கக் கூடாது.

திரைக்குப்பின்:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் ஆளைக் கழிப்பது பெரும்பாலும் குரலல்ல, படிவம். அதை யாரும் சீரியஸாக எடுப்பதில்லை.

ஒத்திகை பொதுவாக ஆறிலிருந்து பத்து வாரம், வாரத்துக்கு மூன்று நாலு மாலை. கடைசி வாரம் டெக் வீக்: விளக்கு, ஒலி, உடை, செட் மாற்றம் எல்லாம் ஒன்று சேரும் வாரம். அதில் ஒரு நாள்கூட விடுப்பு கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். வர முடியாத நாட்களைத் தேதி, மணியோடு எழுதுங்கள். “சில செவ்வாய்க்கிழமைகள்” என்றால் அட்டவணை போடுகிறவருக்கு எல்லாச் செவ்வாயும் போச்சு. “செவ்வாய் 7 முதல் 8 வரை, குழந்தையின் வகுப்பு” என்றால் 8 மணிக்கு உங்கள் காட்சியை வைத்துவிடுவார். நவராத்திரி, தீபாவளி, டிசம்பரில் சென்னைப் பயணம் எல்லாம் இப்போதே எழுத வேண்டும். வேடம் கொடுத்தபின் “டிக்கெட் போட்டாச்சு” என்று சொன்னால் அடுத்த வருடமும் அது நினைவிருக்கும். பங்கேற்புக் கட்டணமோ உறுப்பினர் சந்தாவோ வாங்குகிற குழுக்களும் உண்டு, முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

“எந்த வேடமானாலும் ஏற்பீர்களா?” என்று ஒரு கட்டம் இருக்கும். முதல்முறை போகிறவர்கள் ‘ஆம்’ போடுவதே புத்திசாலித்தனம்.

அனுபவம் கேட்கும் இடத்தில் “ஒன்றுமில்லை” என்று எழுதாதீர்கள். கச்சேரி, தமிழ்ச் சங்க நாடகம், பஜனைக் குழு எல்லாம் மேடைதான். ஒவ்வொன்றுக்கும் புரியும்படி ஒரு வரி: “தென்னிந்திய செவ்வியல் இசை, தனிப் பாடகர், இரண்டு மணி நேர மேடை நிகழ்ச்சி”.

கோல்டு ரீடிங்: ‘சைட்ஸ்’ என்று இரண்டு மூன்று பக்கம் கையில் தருவார்கள், வராந்தாவில் ஐந்து பத்து நிமிடம் படிக்கலாம். மனப்பாடம் தேவையில்லை. தாளை மார்பு உயரத்தில் ஒரு கையில் பிடியுங்கள், முகத்தை மறைக்கக் கூடாது. எதிராளி பேசும்போது அடுத்த வரியைத் தேடாமல் அவரைப் பாருங்கள். அங்கே பார்ப்பது நீங்கள் கேட்கிறீர்களா என்பதைத்தான். ஒரு முறை முடிந்ததும் இயக்குநர் “இப்போது அவளை நீ வெறுக்கிறாய், அதை மறைக்கிறாய், மறுபடி படி” என்பார். முதல் தடவை மோசமென்று பொருளல்ல. சொன்னதைக் கேட்டு மாற்றுவீர்களா என்று பார்க்கிறார். மாற்றம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதே மாதிரி இரண்டாம் முறையும் படிப்பது தப்பான பதிலைவிட மோசம்.

கறுப்புக்கட்டை:

எந்த வேடமும் ஏற்பேன் என்பதில் மட்டும் உடன்பாடில்லை. கோரஸில் நிற்க மனமில்லாதவர் ‘ஆம்’ போட்டு, அப்புறம் மறுத்தால் முழு நடிகர் பட்டியலையும் கலைத்துப் போட வேண்டி வரும். உண்மையை எழுதுங்கள், அவ்வளவுதான்.

திரைக்குப்பின்:

மறுக்கிறவர் போடக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மியூசிக்கலில் கோரஸ் என்பது பின்னால் நிற்கும் கூட்டமல்ல. பாட்டு, நடனம், நாலைந்து உடை மாற்றம் எல்லாம் அவர்களுக்குத்தான்.

ஐந்துகட்டை:

கோரஸ் எனக்குச் சந்தோஷமே, ‘ஆம்’ போடுகிறேன். பாடும் விதத்தில் எதை மாற்ற வேண்டும்? கை தானாகத் தாளம் போடுகிறது!

ரொறன்ரோ வாசி:

தங்கச்சி, கை ஒண்டும் பெரிய விசயமில்லை, கண்ணைக் கவனியுங்கோ. எங்கட ஆக்கள் மேல் ஸ்தாயிக்குப் போகேக்க கண்ணை மூடிப் போடுவினம். அங்க அது கதவை அடிச்சுச் சாத்தின மாதிரி. நடுவர்களின்ர தலைக்குக் கொஞ்சம் மேல, சுவரில ஒரு புள்ளியை வைச்சு, அங்க நிக்கிற ஆளுக்குச் சொல்லுற மாதிரிப் பாடுங்கோ. நடுவரின்ர கண்ணையே பாத்துப் பாடினால் அவையள் எழுத ஏலாமல் நெளிவினம். தாளத்தை வேணுமெண்டால் சப்பாத்துக்குள்ள கால் பெருவிரலால போடுங்கோ, ஒருத்தருக்கும் தெரியாது.

கமகம்: நீட்டுற ஸ்வரத்தை முதல்ல அசையாமல் நேரா நிறுத்துங்கோ, கடைசியில மட்டும் மெல்லிய அசைவு. கம்பிதம் (ஸ்வரத்தை ஆட்டுறது) போட்டால் பியானோவோட சுருதி விலகின மாதிரித்தான் அவையளுக்குக் கேக்கும்.

உச்சரிப்பு: தமிழ் வாயில சொல்லின் முதல்ல வாற ‘ப’, ‘ட’, ‘க’ காத்து இல்லாமல் வரும். ‘பார்க்’ எண்டு சொன்னால் அவையளுக்கு ‘b’ சத்தம் மாதிரிக் கேக்கும். உள்ளங்கையை வாய்க்கு முன்னால வைச்சு, ‘ப’ சொல்லேக்க காத்து அடிக்குதா எண்டு பாருங்கோ. ‘நைட்’ மாதிரிச் சொல்லை நீட்டேக்க ‘ஆ’வில நிண்டு, ‘இ’யைக் கடைசியில தொட்டு, ‘ட்’டைத் தெளிவா மூடுங்கோ. ‘இ’யில நீட்டினால் குரல் மூக்குக்குப் போயிடும். கடைசி மெய்யை விழுங்கினால் பின்வரிசைக்கு ஒரு சொல்லும் விளங்காது.

எட்டாம்எண்ணிக்கை:

டான்ஸ் கால் பற்றி யாரும் சொல்லவில்லையே. டான்ஸ் தெரியாதவர்களும் இருப்பார்கள் என்று தெரிந்தேதான் அதை வைக்கிறார்கள். எட்டு எண்ணிக்கைத் துண்டுகள் நாலோ ஆறோ சொல்லிக் கொடுத்து, பிறகு நாலைந்து பேராக ஆட விடுவார்கள்.

வீட்டில் ஐந்து அசைவை மட்டும் பழகுங்கள்: ஸ்டெப் டச், கிரேப்வைன், ஜாஸ் ஸ்கொயர், பிவட் டர்ன், கிக் பால் சேஞ்ச். எளிய கோரியோகிராஃபியில் பாதி இவைதான். “ஸ்டேஜ் லெஃப்ட்” என்றால் பார்வையாளரைப் பார்த்து நிற்கும் உங்கள் இடது. வரிசை மாற்றும்போது பின்னால் ஒளியாதீர்கள். முன்வரிசை பின்னால் வந்ததும் பார்த்துக் காப்பியடிக்க ஆளில்லாமல் போகும். அடி தவறினால் அடுத்த எட்டின் ‘ஒன்று’ எண்ணிக்கையில் சேர்ந்துகொள்ளுங்கள். முகத்தில் ‘ஐயோ’ மட்டும் வரக் கூடாது.

செருப்பு முக்கியம். ரப்பர் அடியுள்ள ஓட்டக் காலணி தரையைக் கவ்விப் பிடிக்கும், திரும்பும்போது முழங்கால் முறுகும். ஜாஸ் ஷூ, இல்லையென்றால் பழகிய, குதி தாழ்ந்த கேரக்டர் ஷூ (மேடை நடனக் காலணி). வெறுங்கால் வேண்டாம். பரதம் தெரிந்தவர்கள் படித்தால் அவர்களுக்கு ஒரு சொல்: இங்கே பாதம் பெரும்பாலும் நேராக இருக்கும், அரைமண்டிபோல விரியாது. தட்டி ஆடாமல் முன்பாதத்தில் எடையை வையுங்கள்.

ஐந்துகட்டை:

அதே நாடகத்தின் பாட்டையே பாடினால் என்ன? கால்பேக் (இரண்டாம் சுற்றுக்கு அழைப்பு) என்று வந்தால் அங்கே என்ன செய்யச் சொல்வார்கள்?

கறுப்புக்கட்டை:

“பாணியில்” என்று எழுதியிருப்பதால் வேறு நாடகத்தின் பாட்டு எடுங்கள். அதே காலம், அதே மனநிலை போதும். அதே பாட்டைப் பாடினால் இயக்குநர் மனதில் ஏற்கெனவே இருக்கும் குரலோடு ஒப்பிடுவார். சில குழுக்கள் அந்த நாடகத்தின் பாட்டையே கேட்கும், அப்போது தயங்காமல் பாடலாம்.

கால்பேக்கில் நாடகத்தின் பாட்டுகளிலிருந்து ஒரு துண்டு கற்றுத்தந்து பாடச் சொல்வார்கள். பியானோவில் படிப்படியாக ஏற்றி குரலின் எல்லையைப் பார்ப்பார்கள். முக்கியமாக, ஆல்டோ வரியைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, பக்கத்திலிருப்பவர் மெட்டைப் பாட, உங்களை ஆல்டோவில் நிற்கச் சொல்வார்கள். ஒரே மெட்டில் எல்லோரும் பாடிப் பழகிய காதுக்கு இது கஷ்டம், இரண்டாவது வரியில் மெட்டுக்குத் தாவிவிடும். இப்போதே மெட்டைப் போனில் பதிவு செய்து ஓட விட்டு, அதற்கு எதிராக உங்கள் வரியைப் பாடிப் பழகுங்கள். முதலில் குறைந்த சத்தத்தில், பிறகு கூட்டிக்கொண்டே போங்கள்.

கால்பேக் வராவிட்டால் வேடம் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். சந்தேகமுள்ள வேடங்களுக்கு மட்டும்தான் திரும்பக் கூப்பிடுவார்கள். கோரஸை முதல் நாளிலேயே முடிவு செய்துவிடுவதும் உண்டு.