‘லீவார்டு’ என்பதற்குத் தமிழில் என்ன எழுதலாம்?

குழு நண்பர்களுக்கு வணக்கம். மதுரையிலிருந்து எழுதுகிறேன். ஒரு கடற்பயணக் கட்டுரையைத் தமிழாக்கி வருகிறேன். அதில், காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தைக் குறிக்கும் ‘லீவார்டு’ (leeward) என்ற சொல்லும் அதன் சுருக்கமான ‘லீ’யும் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன.

மலையைப் பொறுத்தவரை எனக்குக் குழப்பமில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பக்கத்தில் மோதி மழையைக் கொட்டிவிட, இந்தப் பக்கம் இறங்கும் காற்று வறண்டு வருவதால்தான் ஜூன், ஜூலையில் தேனி, உசிலம்பட்டி வட்டாரங்களில் மழை குறைகிறது. இப்பக்கத்தைப் பள்ளிப் பாடநூல்கள் ‘காற்று மோதாப் பக்கம்’ என்கின்றன. காற்று வடகிழக்கிலிருந்து வீசும் ஐப்பசியில் இந்தப் பெயர் பக்கம் மாறிவிடும் என்பதும் தெரியும்.

சிக்கல் கடலில்தான். கப்பலின் ‘லீ’ பக்கம் காற்றுக்கு மறைவானது. ஆனால் ‘லீ ஷோர்’ எனப்படும் கரையோ கப்பலுக்கு அந்தப் பக்கத்தில் இருப்பதால், காற்று கப்பலை அதை நோக்கியே தள்ளும். பாய்மரக் காலத்தில் மாலுமிகள் அஞ்சிய கரை அது. அதனைக் ‘காற்று மோதாக் கரை’ என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும்.

வாடை, கச்சான் என்று காற்றுகளைப் பெயர் சொல்லி அழைக்கும் இராமேசுவரம், தூத்துக்குடி மீனவர்களிடம் படகின் காற்று மோதும் பக்கம், மோதாப் பக்கம் ஆகிய இரண்டுக்கும், காற்று படகைத் தள்ளிச்செல்லும் அத்தகைய கரைக்கும் வழக்குச் சொற்கள் இருந்தால், எந்த ஊர் வழக்கு என்பதோடு தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அகராதிச் சொற்கள் வேண்டாம், அவை என்னிடமே உள்ளன.