மலேசியாவில் ஏழு மாதம் ஓவர்ஸ்டே (அனுமதித்த நாளுக்கு மேல் தங்கல்), தம்பியைப் பத்திரமாக ஊருக்குக் கொண்டுவருவது எப்படி?

புதுக்கோட்டைக்காரன் (அக்டோபர் 2024):
என் தம்பி பிப்ரவரியில் விசா இல்லாமல் போகலாம் என்று ஏஜென்ட் பேச்சைக் கேட்டு கோலாலம்பூர் போனான். முப்பது நாள்தான் இருக்க முடியும் என்பதே அவனுக்கு அங்கே போய்தான் தெரிந்திருக்கிறது, பெர்மிட் போட்டுத் தருகிறேன் என்று சொன்ன முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார், இப்போது கேட்டால் தொலைந்துவிட்டது என்கிறார். ஏஜென்ட் நாலாயிரம் ரிங்கிட் கொடுத்தால் ஏர்போர்ட்டில் ஆளை வைத்து ஏற்றிவிடுகிறேன் என்கிறான். அம்மா நகையை வைக்கலாம் என்கிறார். கொடுக்கலாமா?

கிள்ளான்வாசி:
ஒரு வெள்ளிகூட (ரிங்கிட்) கொடுக்காதீங்க அண்ணே. இந்த 2024 மார்ச் 1 முதல் இங்கே இமிகிரேசனே திருப்பி அனுப்பும் திட்டம் நடத்துகிறது, 2024 டிசம்பர் 31 வரை. தானாகப் போய் நின்றால் ஓவர்ஸ்டேக்கு 500 ரிங்கிட் அபராதம், அப்புறம் வெளியேற ஸ்பெஷல் பாஸுக்கு 20. வழக்கு கிடையாது. ஏஜென்ட் யாரையும் அவர்கள் நியமிக்கவில்லை, நேராக அமலாக்கப் பிரிவு அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் ரெய்டில் சிக்கினால் இந்தச் சலுகை இல்லை. சட்டப்படி 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம், ஐந்து வருடம் வரை ஜெயில், இரண்டும்கூடப் போடலாம். நேராக ஏர்போர்ட்டுக்குப் போய் கவுண்டரில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் நினைக்க வேண்டாம்.

திரும்பிவந்தவன்:
நான் ஜூலையில் இப்படித்தான் வந்தேன். முதலில் டிக்கெட், அதுவும் பதினாலு நாளுக்குள் கிளம்புகிற மாதிரி. நான் திருச்சிக்கு எடுத்தேன். விடியற்காலை வரிசையில் நின்று, சட்டைப்பையில் 500 ரிங்கிட்டை நோட்டுகளாக மடித்து வைத்திருந்தேன், உள்ளே போனால் காசு வாங்க மாட்டோம், கார்டு அல்லது இ-வாலட் மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள். பின்னால் நின்ற ஒரு வங்காளதேசத்துப் பையன் தன் கார்டில் கட்டினான், நான் அவன் கையில் நோட்டைக் கொடுத்தேன். அதனால் தம்பியிடம் கார்டு வைத்திருக்கும் நண்பர் யாரையாவது கூடக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். ரேகை எடுத்தார்கள், திட்டுவார்கள் என்று பயந்தேன், ஒன்றும் இல்லை. மறுபடி மலேசியா போகலாம் என்ற கனவு மட்டும் வேண்டாம்.

புதுக்கோட்டைக்காரன்:
ரொம்ப நன்றி. ஆனால் பாஸ்போர்ட்டே இல்லையே?

கிள்ளான்வாசி:
ஊழியரின் பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்வதே இங்கே குற்றம், 1966 பாஸ்போர்ட் சட்டத்தில் இருக்கிறது. இதைச் சொன்ன உடனே தொலைந்த பாஸ்போர்ட் திடீரென்று கிடைத்த கதை எனக்கு இரண்டு தெரியும். கிடைக்காவிட்டால் மோன்ட் கியாராவில் இருக்கும் இந்தியத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டுக்குப் பதிலாகத் தரும் எமர்ஜென்சி சர்டிஃபிகேட் கேட்க வேண்டும், ஊர் திரும்பும் ஒருவழிப் பயணத்துக்கு மட்டும் செல்லும். போலீஸ் ரிப்போர்ட் கேட்பார்கள். தம்பி தனியாக ஸ்டேஷனுக்குப் போக வேண்டாம், முதலில் தூதரகத்தில் பேசட்டும். பழைய பாஸ்போர்ட் நகல், ஆதார் எதுவானாலும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவையுங்கள். சர்டிஃபிகேட் கைக்கு வந்த பிறகு டிக்கெட் போடுங்கள், முன்னாலேயே போட்டு அந்தப் பதினாலு நாளை வீணாக்காதீங்க.

புதுக்கோட்டைக்காரன்:
பாஸ்போர்ட் முதல் பக்கத்தை அவன் போகும்போது அம்மா ஜெராக்ஸ் எடுத்து ரேஷன் கார்டு கவரில் வைத்திருக்கிறார். இப்போதுதான் போட்டோ எடுத்து அனுப்பினேன். திங்கட்கிழமை தூதரகம் போகிறான்.