மாதம் முந்நூறு கிலோமீட்டர்கூட ஓடாத காருக்கு மின்சாரமா, ஹைப்ரிடா?

ஸ்ரீரங்கத்திலிருந்து:

வணக்கம். நான் ஓய்வுபெற்ற வங்கி ஊழியன். வீட்டிலிருக்கும் பெட்ரோல் காருக்குப் பதினைந்து ஆண்டு முடியப்போகிறது. பதிவைப் புதுப்பித்து வைத்துக்கொள்வதா, கொடுத்துவிட்டுப் புதிதாக வாங்குவதா என்று முடிவெடுக்க வேண்டிய கட்டம். கோயில், காந்தி மார்க்கெட், தில்லைநகரில் மருத்துவர், எப்போதாவது தஞ்சாவூரில் மகள் வீடு, இவ்வளவுதான் எங்கள் ஓட்டம். மாதம் முந்நூறு கிலோமீட்டர் தேறாது. மகன் மின்சாரக் கார்தான் வாங்க வேண்டும் என்கிறான். மைத்துனர், பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிடைச் சொல்கிறார். ஷோரூமில் போடும் கணக்கெல்லாம் தினமும் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கானது. என் கார் பெரும்பாலும் வாசலில் நிற்கும். அப்படிக் குறைவாக ஓட்டுகிறவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கோயம்புத்தூரிலிருந்து:

ஐயா, உங்கள் நிலைமைதான் எங்களுக்கும். நானும் கணவரும் கல்லூரியில் வேலை பார்க்கிறோம். கல்லூரி வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சிறிய மின்சாரக் கார் ஒன்றை வைத்திருக்கிறோம்.

முதலில் பணக்கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் அதில்தான் ஏமாறுகிறார்கள். எங்கள் கார் ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் வரை போகிறது. மாதம் முந்நூறு கிலோமீட்டர் என்றால் சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து ஏறக்குறைய 50 யூனிட். மின்கட்டணம் நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் பில்லில் 100 யூனிட் கூடும். இந்த 100 யூனிட் எந்தக் கட்டணப் படியில் போய் விழுகிறது என்பதைப் பாருங்கள். ஏற்கெனவே 450 யூனிட் செலவாகும் வீடு 500-ஐத் தாண்டிவிட்டால், அதற்கு மேல் யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கும் அதிகம். கீழ்ப்படியில் கிடைத்துவந்த சலுகை விலையில் ஒரு பகுதியும் போய்விடும். அப்படியே வைத்துக்கொண்டாலும் இரண்டு மாதத்துக்கு ஆயிரம் ரூபாய் முதல் ஆயிரத்து இருநூறு வரைதான் ஆகும். அதே தூரத்துக்கு லிட்டருக்குப் பதினான்கு கிலோமீட்டர் தரும் பெட்ரோல் கார் நாலாயிரத்துக்கு மேல் கேட்கும். ஆண்டுக்குப் பதினெட்டாயிரம், இருபதாயிரம் மிச்சம். ஆனால் அதே அளவுள்ள பெட்ரோல் காரைவிட மின்சாரக் காரின் விலை இரண்டு, மூன்று லட்சம் கூடுதல். எரிபொருளை மட்டும் வைத்துப் பார்த்தால் பத்தாண்டு ஆனாலும் கைக்கு வராது. தமிழ்நாட்டில் மின்வாகனத்துக்குச் சாலை வரி விலக்கு இருப்பதும், ஜி.எஸ்.டி. 5 சதவீதம் மட்டும் என்பதும், மூன்றாம் நபர் காப்பீட்டில் 15 சதவீதத் தள்ளுபடி இருப்பதும் இடைவெளியைக் கொஞ்சம் குறைக்கின்றன. முழுவதும் நிரப்பவில்லை.

அப்புறம் ஏன் வாங்கினோம்? இரண்டு கிலோமீட்டர், மூன்று கிலோமீட்டர் என்று ஓட்டினால் பெட்ரோல் எஞ்சின் சூடேறுவதற்குள் அணைந்துவிடும். அது எஞ்சினுக்குக் கேடு. மோட்டாருக்கு அந்தத் தொல்லையே கிடையாது. காலையில் எடுத்து, பால் வாங்கி, திரும்பி வந்து நிறுத்தலாம். கியர் மாற்ற வேண்டியதில்லை என்பதால் முட்டிவலி உள்ள என் மாமியாரும் தைரியமாக ஓட்டுகிறார். எங்களைப் பொறுத்தவரை இது பெரிய விஷயம்.

இனி, யாரும் சொல்லாத ஒன்று. சென்ற கோடை விடுமுறையில் மகனைப் பார்க்க வெளிநாடு போயிருந்தோம். திரும்பி வந்து சாவியில் பொத்தானை அழுத்தினால் கார் அசையவில்லை. விளக்கு மின்னவில்லை, பூட்டு திறக்கவில்லை. சாவிக்குள் மறைந்திருக்கும் உலோகச் சாவியை உருவி ஓட்டுநர் பக்கக் கதவை மட்டும் திறந்தோம். உள்ளே திரை முழு இருட்டு. கிளம்பும்போது காரை ஓட்டும் பெரிய பேட்டரியில் பாதிக்கு மேல் சார்ஜ் விட்டுவிட்டுத்தான் போயிருந்தோம். சார்ஜர் வயரைச் சொருகிப் பார்த்தோம், அதுவும் வேலை செய்யவில்லை. செத்திருந்தது பெரிய பேட்டரி இல்லை, மின்சாரக் காரிலும் ஸ்கூட்டர் பேட்டரிபோல உட்கார்ந்திருக்கும் 12 வோல்ட் பேட்டரி! பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் ரிலே என்ற சுவிட்சை இழுப்பதே இந்தச் சின்னதுதான். அது கண் மூடினால் இருபது யூனிட் மின்சாரம் கீழே இருந்தும் பயனில்லை. பக்கத்து வீட்டுப் பெட்ரோல் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, ஜம்பர் கேபிள் போட்டதும் திரை எரிந்தது. கார் எங்கே நிற்கிறது என்று கைப்பேசிக்குச் சொல்லும் சிம் நிறுத்தி வைத்திருக்கும்போதும் சொட்டுச் சொட்டாக மின்சாரம் குடித்துக்கொண்டிருக்கிறது. இந்த விவரத்தைக் கார் கொடுத்த அன்று யாராவது ஒரு வரி சொல்லியிருக்கலாம் என்று எனக்கு இன்றும் ஆதங்கம்தான். இப்போதெல்லாம் நீண்ட நாள் ஊருக்குப் போனால் 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுப் போகிறோம். உங்கள் மாடலில் அப்படிச் செய்யலாமா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய பேட்டரியைப் பற்றியும் ஒரு சொல். ஓடாவிட்டாலும் அதற்கு வயதாகும். முழுச் சார்ஜோடு வெயிலில் நிறுத்தினால் இன்னும் சீக்கிரம். வாரக்கணக்கில் நிற்கப்போகிறது என்றால் பாதியளவில் விட்டு நிழலில் நிறுத்துவது நல்லது. எங்களுடையது எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை. அதில் மின்னழுத்தம் நெடுந்தூரம் ஒரே மட்டத்தில் நிற்பதால் எவ்வளவு மிச்சம் என்பதைக் கார் தப்பாகக் கணிக்கும். அதைச் சரிசெய்யவே அவ்வப்போது முழுதாக ஏற்றச் சொல்கிறார்கள். ஏற்றினால் உடனே ஓட்டிவிடுகிறோம்.

சென்னை நங்கநல்லூரிலிருந்து:

மைத்துனர் சொன்ன ஹைப்ரிடை நான் வைத்திருக்கிறேன். நல்ல கார், அதில் குறையே சொல்ல மாட்டேன். உங்களுக்கு ஏற்றதா என்றால், இல்லை.

விளம்பரத்தில் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்று போட்டிருக்கும். திருச்சி போய் வந்தால் இருபத்திரண்டு, இருபத்திமூன்று வருகிறது. நங்கநல்லூரிலிருந்து ஆதம்பாக்கம் போய் வந்தால் பதினைந்து, பதினாறுதான். கார் கிளம்பியதும் புகை வடிகட்டியைச் சூடேற்ற எஞ்சின் தானே ஓடத் தொடங்கும். ஏ.சி. போட்டால் பேட்டரி இறங்கி மறுபடி எஞ்சின் ஓடும். இவ்வகைக் காரில் இருக்கும் பேட்டரி முக்கால் யூனிட் அளவுதான். எஞ்சின் சூடேறி, ஹைப்ரிட் தன் வித்தையைக் காட்டத் தொடங்கும் நேரத்தில் நான் காய்கறிக் கடை வாசலில் நின்றிருப்பேன்.

வரியையும் பாருங்கள். நான்கு மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஹைப்ரிட் கார்களுக்கு 2025 செப்டம்பரிலிருந்து ஜி.எஸ்.டி. 40 சதவீதம். நம் மாநிலத்தில் பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரை விலையுள்ள காருக்குச் சாலை வரி 18 சதவீதம். இவ்வளவையும் முன்பணமாகக் கட்டிவிட்டு, அதைப் பெட்ரோலில் மீட்க வேண்டுமென்றால் நிறைய ஓட வேண்டும். நான் வாங்கியபோது மாதம் இரண்டுமுறை சேலம் போகும் வேலை இருந்தது. அப்போது இது பொன்னான கார். இப்போது வேலை உள்ளூருக்கு மாறிவிட்டது.

கோவை அம்மா சொன்ன 12 வோல்ட் விஷயம் ஹைப்ரிடுக்கும் பொருந்தும். இங்கே இன்னொரு சங்கடமும் உண்டு. சில ஹைப்ரிடுகளில் எஞ்சினைச் சுழற்றிக் கிளப்புவதே மோட்டாரை ஓட்டும் அந்த முக்கால் யூனிட் பேட்டரிதான், தனி ஸ்டார்ட்டர் கிடையாது. மாதக்கணக்கில் நின்று அதுவும் இறங்கிவிட்டால் ஜம்பர் கேபிள் உதவாது. சர்வீஸ் நிலையத்துக்கு இழுத்துப்போக வேண்டியதுதான். வாரம் ஒருமுறையாவது ரெடி நிலையில் (கார் கிளம்பத் தயார் என்று திரை காட்டும் நிலை) வைத்துக் கொஞ்சம் ஓட்டிவிடுகிறேன்.

மதுரையிலிருந்து:

நான் பட்டறை வைத்திருக்கிறேன். ஓடித் தேய்ந்து வரும் கார்களைச் சரிசெய்வது எளிது. நின்று கெட்ட கார்கள்தான் தலைவலி. அதில் நான் காண்பதைச் சொல்கிறேன்.

எலி முதல் எதிரி. எந்த வகைக் காரானாலும் சரி, பத்து நாள் ஆடாமல் நின்றால் பானெட்டுக்குள் தேங்காய் நார், பழைய துணி, பிளாஸ்டிக் பை எல்லாம் சேர்த்துக் கூடு கட்டிவிடுகிறது. பெட்ரோல் காரில் வயரைக் கடித்தால் ஒட்டுப்போடுவோம். மின்சாரக் காரிலும் ஹைப்ரிடிலும் ஆரஞ்சு நிறத்தில் ஓடும் உயர் அழுத்தக் கேபிளைக் கடித்துவிட்டால் ஒட்டுப்போடும் பேச்சே இல்லை, முழுதாக மாற்ற வேண்டும். காப்பீடு எடுக்கும்போது எலிச் சேதம் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது பிரேக். மின்சாரக் காரில் காலை எடுத்தாலே மோட்டார் வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக் பேடுக்கு வேலை குறைவு. கேட்க நன்றாக இருக்கிறது. மழைக்காலத்தில் நின்ற காரின் டிஸ்க்கைப் பாருங்கள், மேலே செம்மண் பூசியதுபோல் துரு. ஓட்டும்போது அதைத் தேய்த்தெடுக்க பேடு உரச வேண்டும், உரசுவதில்லை. காலியான சாலையில் அவ்வப்போது அழுத்தமாக பிரேக் பிடியுங்கள்.

டயரைக் கிலோமீட்டரால் அளக்காதீர்கள். பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் பளபளவென்று இருக்கும், ஆறாண்டு ஆகியிருக்கும், ஓரத்தில் நகத்தை வைத்தால் வெடிப்பு தட்டும். அதை வைத்துக்கொண்டு நான்குவழிச் சாலையில் போகக் கூடாது.

பெட்ரோல் காரை வைத்துக்கொள்வதானால் ஒன்று செய்யுங்கள் ஐயா. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். டாங்கை அடிமட்டத்தில் விட்டு மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள். வாசலிலேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதால் நன்மையைவிடக் கெடுதல் அதிகம். ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே மோர்போல வெள்ளைப் படிவு இருக்கும், குறைந்த ஓட்டத்தில் சேரும் ஈரம் அது. வாரம் ஒருமுறை அரைமணி நேரம் நிற்காமல் ஓட்டினால் எஞ்சின் நன்றாகச் சூடேறி அந்த ஈரம் போய்விடும். உங்கள் தஞ்சாவூர்ப் பயணம் காருக்கு மருந்து.

என் கருத்தைக் கேட்டால், பதினைந்து ஆண்டுக் காரின் அடித்தகடு துருப்பிடிக்காமல் இருந்தால் நல்ல மெக்கானிக்கிடம் காட்டிப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். அடித்தகடு போயிருந்தால், வீட்டில் பிளக் வசதியும் இருந்தால், சிறிய மின்சாரக் கார். ஹைப்ரிட் எதற்கு?

சேலத்திலிருந்து:

நாங்கள் காரையே கொடுத்துவிட்டோம். காப்பீடு, ஆண்டுக்கொரு சர்வீஸ் (ஓடினாலும் ஓடாவிட்டாலும்), விலை இறக்கம் மூன்றையும் கூட்டினால் மாதம் முழுதும் வாடகைக் காரில் போனாலும் மிச்சம் பிடிக்கிறது. நடுராத்திரியில் மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருக்கும் வீடுகளுக்கு இது ஒத்துவராது, அதையும் சொல்லிவிடுகிறேன். கார் வேண்டும் என்பவர்கள் ஓடும் தூரத்துக்கேற்பக் கட்டணம் வாங்கும் காப்பீட்டைக் கேளுங்கள். 2022 முதல் அதற்கு அனுமதி உண்டு. பேட்டரியை மட்டும் வாடகைக்குத் தரும் திட்டத்தில் விலை குறைவாகத் தெரியும். மாதம் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டருக்குக் கட்ட வேண்டும் என்ற விதி இருக்கிறதா என்று ஒப்பந்தத்தில் தேடுங்கள். இருந்தால் ஓடாத கிலோமீட்டருக்கும் பணம் போகும்.

கோயம்புத்தூரிலிருந்து மறுபடியும்:

மதுரை அண்ணன் சொன்ன பிளக் பற்றி மட்டும் சேர்க்கிறேன். 15 ஆம்பியர் சாக்கெட் போதும், இரவு முழுக்க ஏறும். ஆனால் எர்த் சரியாக இல்லையென்றால் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடும். எங்கள் பழைய வீட்டில் சாக்கெட்டில் மூன்று துளை இருந்தது, மூன்றாவது துளைக்குப் பின்னால் வயரே இல்லை. எலக்ட்ரீஷியன் புதிதாக எர்த் குழி தோண்டி, மீட்டர் பலகையிலிருந்து தனி வயரும் தனி பிரேக்கரும் போட்டுக் கொடுத்தார். ஐயா, ஸ்ரீரங்கத்தில் உங்களுடையது தனி வீடா, அடுக்ககமா? அடுக்ககம் என்றால் காருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சங்கத்தில் எழுத்து மூலம் சம்மதம் வாங்கி, உங்கள் மீட்டரிலிருந்து கார் நிற்கும் இடத்துக்கு வயர் எந்த வழியாக வரும் என்பதை எலக்ட்ரீஷியனோடு நடந்து பார்த்துவிடுங்கள்.