இரவு வானில் பிடிபடாத வெளிச்சம்: என்ன சொல் வைக்கலாம்?

தண்டையார்பேட்டையிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். இரவு வானில் என்னவென்று பிடிபடாத வெளிச்சத்தைப் பார்த்தவர்கள் சொல்வதைக் குறித்துவைக்கிறோமே, அந்த வடசென்னைப் பதிவுத்தாளின் தலைப்பில் இப்போது “அடையாளம் தெரியாத பறக்கும் பொருள்” (யு.எஃப்.ஓ.) என்றிருக்கிறது. மாற்றியாக வேண்டும். ‘பறக்கும்’ என்பதும் ‘பொருள்’ என்பதும் பார்த்தவர் சொன்னதல்ல, நாம் சேர்த்தது. திருவொற்றியூர் மொட்டை மாடியில் நிற்பவர் கண்ணில் பட்டது ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். மணலி ஆலைப் புகைபோக்கியின் தீ, தாழ்ந்த மழைமேகத்தில் பட்டுச் சிவந்தாலும் அதுவே தெரியும். அங்கே பறப்பது எது?

சொல் தப்பினால் பார்வையும் தப்பும் என்பதற்கு 1947 ஜூன் 24 சாட்சி. அமெரிக்காவில் கென்னத் ஆர்னால்டு என்ற விமானி ஒன்பது பொருட்களைக் கண்டார். தண்ணீரில் எறிந்த தட்டு தத்திப் போவதுபோல் அவை போயின என்று அசைவைத்தான் சொன்னார். பத்திரிகைகள் அதை உருவமாக்கி ‘பறக்கும் தட்டு’ என்றன. பிறகு எல்லாருக்கும் தட்டே தெரிந்தது. வானியலர் ஆலன் ஹைனெக் 1972-இல் இந்தப் பார்வைகளை வகைப்படுத்தியபோது, தொலைவில் தெரியும் இரவு வெளிச்சங்களைத் தனி வகையாக்கினார். நமக்கு வேண்டியது அந்த வகைக்கான சொல். என் முன்மொழிவு: இனங்காணா வானொளி.

இராயபுரத்திலிருந்து:

தம்பி, நோக்கம் சரி, சொல் நிற்காது. முதலில் ‘வானொளி’. குரல்வழித் தட்டச்சில் சொல்லிப் பாருங்கள், ‘வானொலி’ என்றுதான் வரும் வாய்ப்பு அதிகம். நம் பக்கத்துப் பேச்சில் ல-வும் ள-வும் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன, தேடுபவருக்கு எஃப்.எம். நிலையங்கள் வந்து நிற்கும். ‘விண்ணொளி’யும் ஆகாது. எல்.இ.டி. கட்டின காத்தாடி விண்ணிலா இருக்கிறது?

அடுத்தது ‘இனங்காணா’. ‘காணாத’ என்பதன் கடைசி எழுத்து விழுந்த ‘காணா’ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அதற்குக் காலம் கிடையாது. இன்னும் காணவில்லையா, காணவே முடியாதா என்று அது சொல்லாது. பாதிக் குழப்பம் அங்கேதான். முன்பு யாரோ வைத்த ‘அறியா ஒளி’ இன்னும் மோசம்: அறியாப் பிள்ளை என்பதுபோல், ஒளிக்கு ஒன்றும் தெரியாது என்றாகிவிடும். ‘மர்ம ஒளி’ செய்தித்தாளோடு இருக்கட்டும். மர்மம் என்று முதலிலேயே தீர்ப்பெழுதிவிட்டு விசாரிப்பது எப்படி?

என்னைக் கேட்டால், ‘தெரியாதது’ வெளிச்சத்தின் குணமே அல்ல, நம் கோப்பின் நிலை. இரண்டையும் ஒரே சொல்லில் திணிக்க வேண்டாம். பார்த்ததற்கு ‘இரவு வெளிச்சம்’ போதும். நிலையைத் தனிக் கட்டத்தில் போடலாம். துப்புத் துலங்கியது என்கிறோமே, அந்தச் சொல் இருக்கிறது. பிரான்சில் 1977 முதல் இயங்கும் அரசு ஆய்வுக் குழு நான்கு நிலை வைத்திருக்கிறது. அதன்படி: துலங்கியது, பெரும்பாலும் துலங்கியது, தகவல் போதாது, துலங்காதது. கடைசி இரண்டையும் கலக்கவே கூடாது. அமெரிக்க விமானப்படை 1947 முதல் 1969 வரை திரட்டிய 12,618 அறிக்கைகளில் 701 அடையாளம் காணப்படாமல் நின்றன. ஒரு கோப்பு அப்படி நிற்பது தகவல் இல்லாததாலா, தகவல் இருந்தும் விளங்காததாலா என்று பிரிக்காவிட்டால் எண்ணிக்கைக்கு மதிப்பில்லை.

‘துலங்கா வெளிச்சம்’ என்று மட்டும் சேர்த்தெழுதிவிடாதீர்கள். ஒளிராத வெளிச்சம் என்று படித்துச் சிரிப்பார்கள்.

எண்ணூரிலிருந்து:

ஐயா சொன்ன பிரிப்பை ஏற்கிறேன். தாளில் ‘சாட்சி’ என்ற சொல்லையும் எடுத்துவிடலாம். கையெழுத்து, கோர்ட், ஸ்டேஷன் என்று நினைத்துப் பாதிப் பேர் பின்வாங்குவார்கள். ‘பார்த்தவர்’ போதும். ‘எவ்வளவு தூரம்?’ என்ற கேள்வியும் வேண்டாம். இருட்டில் ஒற்றைப் புள்ளியின் தூரத்தைக் கண் கணிக்காது. வருகிற விடையை வைத்து வேகம், உருவளவு எல்லாம் கணக்குப் போட்டால் அத்தனையும் கற்பனை. பார்த்தவரை அதே இடத்தில், அதே பக்கம் பார்த்து நிற்கச் சொல்லிக் கையை நீட்டிக் காட்டச் சொல்லுங்கள். நீட்டிய கையின் மடக்கிய முஷ்டி ஏறக்குறைய 10 பாகை, சுண்டுவிரல் 1 பாகை. தொடுவானிலிருந்து எத்தனை முஷ்டி உயரம் என்பது ‘ஏற்றக்கோணம்’, வடக்கிலிருந்து எவ்வளவு திரும்பியது என்பது ‘திசைக்கோணம்’. இவ்விரண்டோடு மணியும் இருந்தால் பெரும்பாலானவை அன்றைக்கே துலங்கிவிடும்.

மேற்கில், பொழுது சாய்ந்து சுமார் மூன்று மணி நேரத்துக்குள், அசையாமல் பளீரென்றால் வெள்ளிக் கோளைச் சந்தேகிக்கலாம். கடல் பக்கம் தொங்குவது நங்கூரமிட்ட கப்பலாக இருக்கலாம். இரவில் தொடுவானம் தெரியாததால் கொடிமர விளக்கு ஆகாயத்தில் நிற்கும். வடக்கில் கிளம்பிக் கடல் பக்கம் சாய்ந்தால் ராக்கெட் ஏவுதல் அட்டவணையைப் பாருங்கள்: ஸ்ரீஹரிகோட்டா இங்கிருந்து நேர்கோட்டில் 60 கி.மீ. அளவுதான், 2024 டிசம்பர் 30 பி.எஸ்.எல்.வி.-சி60 ஏவப்பட்டது இரவு 10 மணிக்கு. ஒரே சீராகக் கோத்த மணிபோல் நகர்ந்து, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரே இடத்தில் அணைந்தால் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். பூமியின் நிழலுக்குள் நுழைகின்றன.

‘ஆடிக்கொண்டே இருந்தது’ என்பவரிடம், சுவர் விளிம்பையோ ஆன்டெனா கம்பியையோ ஒட்டிப் பார்த்தாரா என்று கேளுங்கள். துணைப்புள்ளி இல்லாமல் வெறித்துப் பார்த்தால் நின்ற வெளிச்சமும் நகரும். இதற்குத் ‘தன்னசைவுத் தோற்றம்’ என்று வைக்கலாமா?

படம் அனுப்பினால் வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த நேரமும் உதிர்ந்துவிடும். படத்தில் தெருவிளக்கு இருந்தால், அதிலிருந்து படத்தின் நடுப்புள்ளியைத் தாண்டி நேர் எதிரே ஒரு பச்சைப் பொட்டு இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பச்சைப் பொட்டு லென்சுக்குள் எதிரொளித்த தெருவிளக்கேதான். போனை நகர்த்தினால் எதிர்ப்பக்கம் ஓடும்.

இராயபுரத்திலிருந்து:

‘தன்னசைவுத் தோற்றம்’ நன்றாக இருக்கிறதம்மா, அப்படியே போகட்டும். ஒரே ஒரு திருத்தம்: தாளில் ‘தொடுவானிலிருந்து’ வேண்டாம். காசிமேட்டுச் சந்துக்குள் நிற்பவருக்கு ஏது தொடுவானம்? ‘கண்மட்டத்திலிருந்து’ என்று போடுங்கள். நிலைக் கட்டத்துக்குப் பக்கத்தில் தேதிக்கும் இடம் விடுங்கள். இன்று ‘துலங்காதது’ அடுத்த மாதம் மாறலாம், அப்போது பழையதை அழிக்காமல் கீழே எழுதலாம்.