டோட்டோரோ பயமில்லாத படமா? அம்மா வீட்டுக்கு வந்தாரா இல்லையா?

கணக்குப்பிள்ளை:
"மனசு சரியில்லாதபோது யோசிக்காமல் போடலாம், துளி பயம்கூட இல்லாத படம்" என்று மழைக்கிளி தன் பட்டியலில் 'மை நெய்பர் டோட்டோரோ' என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தை முதலிடத்தில் வைத்திருக்கிறார். யோசிக்காமல் போட்டேன். வீட்டில் ஒருவரை மருத்துவமனையில் சேர்த்திருந்த வாரம் அது. படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே தெரிகிறது, அந்தக் குழந்தைகளின் அம்மாவும் மருத்துவமனையில். அப்புறம் சின்னவள் காணாமல் போகிறாள், குளத்தில் ஒரு செருப்பு கிடைக்கிறது, ஊரே குளத்தைத் துழாவுகிறது. இதுவா துளி பயம் இல்லாத படம்? அம்மா கடைசிவரை வீட்டுக்கு வரவே இல்லை.

மழைக்கிளி:
அந்தச் செருப்பு அவளுடையது இல்லை. அம்மாவும் வருகிறார். கடைசியில் பெயர்கள் ஓடும்போது காட்டும் ஓவியங்களில் வண்டியில் வந்து இறங்குகிறார், பிள்ளைகள் ஓடி வருகிறார்கள். நீங்கள் பெயர் ஓட ஆரம்பித்ததும் அணைத்திருப்பீர்கள்.

கணக்குப்பிள்ளை:
பெயர் ஓடுவதெல்லாம் படத்தில் சேராது. கதை முடியும்போது அம்மா மருத்துவமனைக் கட்டிலில்தான் இருக்கிறார். பிள்ளைகள் சன்னலில் ஒரு சோளக்கதிரை வைத்துவிட்டுத் திரும்புகிறார்கள். கதிர் போய்ச் சேர்ந்தது, அம்மா வந்து சேரவில்லை.

பழையரேடியோ:
எதற்கு இந்த வம்பு? 'காதலிக்க நேரமில்லை' போடுங்கள். 1964-இல் வந்த படம், இன்னும் புதுசாக இருக்கிறது. நாகேஷ் கதை சொல்லச் சொல்ல பாலையாவின் முகம் போகிற போக்கைப் பார்த்தால் எந்தக் கவலையும் நிற்காது.

கணக்குப்பிள்ளை:
அவர் சொல்வதே பயமுறுத்துகிற கதை. பாலையா நடுங்குகிறார். அதுவும் இந்தப் பட்டியலில் சேராது.

பழையரேடியோ:
ஐயா, என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். நாகேஷைத் தொடாதீர்கள்.

அரைத்தூக்கம்:
நான் ஓவியர் பாப் ராஸ் கட்சி. அவர் வரைந்து காட்டும் தொலைக்காட்சித் தொடர் 'த ஜாய் ஆஃப் பெயின்டிங்', 1983 முதல் 1994 வரை 403 அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குள். மெதுவாகப் பேசிக்கொண்டே ஒரு மலை, ஒரு மரம், பக்கத்தில் இன்னொரு மரம். அந்த இரண்டாவது மரத்தைத் தாண்டி நான் விழித்திருந்ததில்லை.

கணக்குப்பிள்ளை:
பாருங்கள், இவர் ஒன்றைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. இவரை யாரும் கேட்கவில்லை. நான் பெயர்கள் ஓடுவதைப் பார்க்காததுதான் குற்றம்!

மழைக்கிளி:
டோட்டோரோவை இயக்கிய மியாசாகியின் அம்மாவே முதுகெலும்புக் காசநோயால் பல வருடம் படுக்கையில் கிடந்தவர். அந்தப் பயத்தோடு வளர்ந்த பிள்ளை எடுத்த படம் இது. நோயை மறைக்காமல் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறது. ஆறுதல் அங்கேதான் இருக்கிறது. உங்களுக்குச் செருப்பு மட்டும்தான் தெரிகிறது.

கணக்குப்பிள்ளை:
முதலில் "துளி பயம் இல்லை" என்றீர்கள், இப்போது "பயத்தோடு வளர்ந்த பிள்ளை" என்கிறீர்கள். ஏதாவது ஒன்றில் நில்லுங்கள். இன்னொன்றும் சொல்கிறேன். 1988-இல் ஜப்பானில் இந்தப் படத்தை 'கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃப்ளைஸ்' படத்தோடு சேர்த்துத்தான் திரையிட்டார்கள். போர்க்காலத்தில் அண்ணனும் தங்கையும் பட்டினியில் சாகிற கதை அது. நல்ல ஜோடிப் பொருத்தம்!

மழைக்கிளி:
அதை எடுத்தவர் தகஹாதா. அவர் கணக்கை ஏன் டோட்டோரோ தலையில் எழுதுகிறீர்கள்?

நிழல்விரும்பி:
கணக்குப்பிள்ளை சொல்வது சரி. படத்தில் வரும் அந்தக் காட்டுப் பிராணி டோட்டோரோ உண்மையில் மரண தெய்வம். அந்தக் குழந்தைகள் ஏற்கெனவே இறந்துவிட்டார்கள்.

கணக்குப்பிள்ளை:
தயவுசெய்து என் பக்கம் வராதீர்கள். அந்த வதந்தியைப் படத்தைத் தயாரித்த கிப்லி நிறுவனமே மறுத்தாயிற்று. டோட்டோரோ மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நல்ல பிராணி. அம்மா வீட்டுக்கு வரவில்லை. நான் சொல்வது அவ்வளவுதான்.

அரைத்தூக்கம்:
சரி, அமெரிக்க நகைச்சுவைத் தொடர் 'ஃபிரெண்ட்ஸ்'? 236 அத்தியாயங்கள், யாரும் காணாமல் போக மாட்டார்கள்.

பழையரேடியோ:
எங்கே சிரிக்க வேண்டும் என்று பின்னால் சத்தம் போட்டுச் சொல்லித் தருவார்களே, அதுதானே? நாகேஷுக்கு அது தேவைப்படவில்லை.

அரைத்தூக்கம்:
பெரும்பாலும் அரங்கில் உட்கார்ந்து பார்த்தவர்கள் நிஜமாகச் சிரித்த சிரிப்பு அது. தெரியாமல் பேசாதீர்கள்.

பழையரேடியோ:
அரைத் தூக்கத்தில் பார்த்தவர் எனக்குப் பாடம் எடுக்கிறார்.

மழைக்கிளி:
கணக்குப்பிள்ளை, போன மாதம் "மனசு லேசாகும்" என்று நீங்கள் எனக்கு '96'-ஐச் சொன்னீர்கள். இரண்டு நாள் முகம் வீங்கி அலைந்தேன். நான் வந்து இப்படித் தனித்திரி தொடங்கினேனா?

கணக்குப்பிள்ளை:
'96'-இல் குளத்தில் செருப்பு கிடைக்கவில்லை.

மழைக்கிளி:
அது அவள் செருப்பு இல்லை என்று எத்தனை தடவை சொல்வது?

கணக்குப்பிள்ளை:
தேடுகிறவர்களுக்கு அது தெரியாதே. அக்காக்காரி ஓடி வந்து பார்க்கும்வரை எனக்கும் தெரியாது. நான் அவர்களோடுதான் ஓடிக்கொண்டிருந்தேன்.

நேற்று இரவு அந்த ஓவியங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வண்டியில் வந்து இறங்குவது அம்மாதான். ஒத்துக்கொள்கிறேன் என்று நினைக்காதீர்கள். மறுபடி மருத்துவமனைக்குப் போக மாட்டார் என்று எந்த ஓவியத்தில் இருக்கிறது?

மழைக்கிளி:
அப்படியானால் பெயர்கள் ஓடுவதும் படத்தில் சேர்ந்துவிட்டதா?

கணக்குப்பிள்ளை:
நான் அப்படிச் சொல்லவில்லை.

பழையரேடியோ:
நாகேஷ் விஷயத்துக்கு எனக்கு இன்னும் பதில் வரவில்லை.